ரோஜாவுக்கு மதிப்பெண் இடுவது எப்படி?

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை, ஆண்டு மலருக்காக எழுத்து வடிவில் தரப்படுகிறது.)

 

இம்மேடையில் எனக்கு முன் பேசியோர் பலரும் கற்றறிந்தவர்கள். திருக்குறளையும் கம்பனையும் துறைபோகப் பயின்றவர்கள். நானோ பத்தாம் வகுப்போடு பள்ளியிடம் விடைபெற்றுக்கொண்டவன். தந்தையார் பணியில் இருக்கும்போதே காலமானமையால், அவர் உழைத்த ரயில்வேயிலேயே எனக்கும் ஓர் இடம் கிடைத்தது. இன்று பார்சல் அலுவலகத்தில் எழுத்தர். வரும் மூட்டைகளை எடை போடுவதும் ரசீது எழுதுவதும் என் தொழில். அப்படிப்பட்டவனைப் பேசச் சொன்னால் என்ன பேசுவது? செயலாளர் அவர்களிடம் இதைச் சொன்னபோது, "உங்கள் குவார்ட்டர்ஸ் வேலியோரம் போகிறவர்கள் ஒரு நிமிடம் நின்றுதானே போகிறார்கள்? அந்த ரோஜாக்களைப் பற்றியே பேசுங்கள்" என்றார். ஆகவே துணிந்து வந்துவிட்டேன். குற்றம் இருப்பின் அதில் பாதி செயலாளரைச் சேரும்.

முதலில், ரோஜா நமக்கு எவ்வகையில் உறவு என்பதைச் சொல்லிவிடுகிறேன். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை அடுக்கிச் சொல்கிறார். அந்தப் பட்டியலில் ரோஜா இல்லை. பெயரே ஐரோப்பியர் வழியாக நம்மிடம் வந்தது. இங்கே வடநாட்டில் 'குலாப்' என்கிறார்கள். அது பாரசீகச் சொல். அதன் நேர்ப்பொருள் பூநீர் என்பதாகும். நாம் ஊரில் பன்னீர் ரோஜா என்று அழைப்பதும் அந்த மணநீரை நினைத்துத்தான். வெளியூரிலிருந்து வந்து, இன்று நம் பெண்களின் கூந்தலிலும் சுவாமி படத்திலும் இடம்பெற்றுவிட்ட மலர் இது. வெளியூரிலிருந்து வந்து டில்லியில் குடியேறிய நமக்கு அதனிடம் ஒரு தனிப் பரிவு இருப்பதில் வியப்பில்லை அன்றோ?

டில்லிக்கு வந்த புதிதில் நான் செய்த முதல் தவறு, பஞ்சாங்கத்தை நம்பியதுதான். நம் முன்னோர் சித்திரை, வைகாசி இரண்டையும் இளவேனில் என்றார்கள். அந்த நினைவில் சித்திரை பிறக்கும்போது ரோஜாக் கன்று நட்டேன். பதினைந்து நாளில் 'லூ' என்னும் அனற்காற்று அதைச் சுள்ளியாக்கிவிட்டது. பக்கத்து வீட்டில் இருந்த பஞ்சாபி கார்டு ஒருவர், பணி ஓய்வை நெருங்கிய பெரியவர், வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "பாபுஜி, இங்கே வசந்தம் உங்கள் மாசி பங்குனியிலேயே வந்து போய்விடும்" என்று சொல்லிக்கொடுத்தவர் அவரே. என் ரோஜா ஆசிரியரும் அவரே.

இங்கே ரோஜாவின் ஆண்டு ஐப்பசியில் தொடங்குகிறது. அக்டோபர் நடுவில், மழை ஓய்ந்து வெயில் தணிந்ததும், கவாத்துச் செய்ய வேண்டும். காய்ந்த கிளை, நோயுற்ற கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை ஆகியவற்றை முதலில் நீக்க வேண்டும். நல்ல கிளைகளை முழங்கால் உயரத்துக்குக் குறைத்து, வெளிப்பக்கம் நோக்கிய மொட்டுக்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்ட வேண்டும். வெட்டுவாயில் மருந்துக் குழம்பு தடவாவிட்டால் கிளை நுனியிலிருந்து கருகிக்கொண்டே கீழே இறங்கும். பிறகு மட்கிய தொழு உரமும் எலும்புத்தூளும் இட்டு நீர் பாய்ச்சினால், ஏறத்தாழ ஐம்பது நாளில் முதற்பூ காணலாம். அந்தப் பூக்களை வாடவிடாமல் புத்தாண்டுக்குள் வெட்டிவிட்டால், குளிரில் மெல்ல வளரும் புதுக் கிளைகள் பிப்ரவரி இறுதியிலும் மார்ச்சிலும் செடி நிறையப் பூக்கும். அதுவே இங்கே ரோஜாவின் வசந்தம். அக்காலத்தில் குடியரசுத் தலைவர் மாளிகைத் தோட்டத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். 2023 ஆம் ஆண்டு முதல் அதற்கு அமிர்த உத்யான் என்று பெயர். சண்டிகரில் 1967 இல் அமைந்த ஜாகிர் உசேன் ரோஜாத் தோட்டம் 30 ஏக்கர் பரப்புடையது. எங்கள் தோட்டமோ பன்னிரண்டடிக்கு இருபதடி!

அந்த இடத்தில் ஆறு செடிகள் வைத்திருந்தேன். அவற்றை உங்களுக்கு அறிமுகம் செய்ய விரும்புகிறேன்.

முதலாவது, 'பீஸ்', அதாவது சமாதானம். பிரான்சு நாட்டு பிரான்சிஸ் மெய்லாண்ட் உருவாக்கியது. இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், 1945 ஏப்ரல் 29 அன்று அமெரிக்காவில் இதற்கு இப்பெயர் சூட்டினார்கள். மஞ்சள் இதழ், ஓரத்தில் இளஞ்சிவப்பு. பிரான்சில் இதற்கு அவருடைய தாயாரின் பெயர். இரண்டாவது, 'பாப்பா மெய்லாண்ட்', 1963 இல் வந்தது. இருண்ட சிவப்பு, பட்டுத்துணி போன்ற இதழ், வீதி வரை வரும் மணம். இது அவருடைய தந்தையாரின் பெயர் தாங்கியது. ஆக, கணவனும் மனைவியும் எங்கள் வீட்டில் அடுத்தடுத்த பாத்தியில் குடியிருந்தார்கள்! மூன்றாவது, ஜெர்மனியில் தந்தாவு என்பவர் 1960 இல் தந்த 'சூப்பர் ஸ்டார்'. பவழமும் ஆரஞ்சும் கலந்த நிறம். நான்காவது, அதே நாட்டில் கோர்டஸ் குடும்பத்தார் 1958 இல் தந்த 'ஐஸ்பர்க்'. கொத்துக் கொத்தாய் வெள்ளைப் பூ. ஐந்தாவது, நம் டில்லி பூசா ஆராய்ச்சிக் கழகத்தில் பிறந்த 'மிருணாளினி', இளஞ்சிவப்பு. கோதுமை ஆராய்ச்சியில் புகழ் பெற்ற டாக்டர் பி. பி. பால் அவர்கள்தாம் அங்கே ரோஜா ஆராய்ச்சிக்கும் வித்திட்டவர். நாட்டுக்குச் சோறு தரும் பயிரை ஆராய்ந்தவரே பூவையும் ஆராய்ந்தார் என்பது நினைவில் வைக்கத்தக்கது. ஆறாவது, நாட்டு ரோஜா. இதை வாங்கி வந்தவர் என் தாயார். விலை உயர்ந்த ஐந்துக்கு நடுவில் இது எதற்கு என்று எனக்கு எண்ணம். அம்மாவோ, "பூ என்றால் வாசனை வேண்டாமா?" என்று ஓரமாக நட்டுவிட்டார்கள்.

எடை போடும் தொழிலில் இருப்பவன் அல்லவா? இந்த ஆறில் எது சிறந்தது என்று அறிய ஆசை பிறந்தது. ஒரு நீண்ட நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டேன். தேதி, மொட்டு, மலர், மலர் எத்தனை நாள் நின்றது, மணம், பூச்சி என்று கட்டங்கள். கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு குறுகிய கட்டம். எனக்கு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் இரவுப் பணி. காலையில் பார்க்க இயலாது. ஆகவே எழுதும் பொறுப்பை ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் மகளிடம் ஒப்படைத்தேன். நம் சங்கத்து ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் கற்ற தமிழில் அவள் எழுதினாள்.

இனிச் சொல்லப்போவதை அவள் இசைவு பெற்றே சொல்கிறேன். அவ்வாண்டுப் பொங்கல் விழாவில் அரையாண்டுத் தேர்வைப் பற்றிப் பேச்சு எழுந்தது. அடுத்த பிளாக்கு நண்பரின் மகன் கணக்கில் 96 வாங்கியிருந்தான். என் மகள் வாங்கியது 58. பத்துப் பேர் நடுவில் நான் அவளைப் பார்த்து, "ஒரே பள்ளி, ஒரே வாத்தியார், அவனுக்கு வருவது உனக்கு ஏன் வரவில்லை?" என்று கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. அன்றிலிருந்து கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் பெண்ணாகிவிட்டாள். பெண் பிள்ளைக்கு வயது வந்தால் இப்படித்தான் என்று நானும் இருந்துவிட்டேன். நோட்டுப் புத்தகம் மட்டும் நாள் தவறாமல் நிரம்பிக்கொண்டு வந்தது.

பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் காலனி மலர்க் காட்சி. 'பீஸ்' செடியில் பக்க மொட்டுகளைக் கிள்ளிவிட்டு நடு மொட்டை மட்டும் வளர்த்து, பாதிக்குச் சற்று மேல் விரிந்த நிலையில் வெட்டி எடுத்துச் சென்றேன். முதற்பரிசு கிடைத்தது. ஓர் எவர்சில்வர் கோப்பை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் காட்டினேன். கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வாசனைக்கு எத்தனை மார்க் போட்டார்கள்?" என்று கேட்டார்கள்.

அந்தக் கேள்விக்கு விடை தேடியபோது ஒன்று தெரிந்தது. அமெரிக்க ரோஜாச் சங்கத்தார் காட்சி மலர்களுக்கு வகுத்துள்ள முறையில் வடிவத்துக்கு 25, நிறத்துக்கு 20, இதழின் திடத்துக்கு 15, காம்புக்கும் இலைக்கும் 20, பொருத்தத்துக்கு 10, அளவுக்கு 10, ஆக மொத்தம் 100. மணத்துக்கு மதிப்பெண்ணே கிடையாது! அதைக் குறை கூறுவதற்கில்லை. மணம் பூவுக்குப் பூ, வேளைக்கு வேளை மாறும். மூக்குக்கு மூக்கும் மாறும். அளக்க முடிந்ததை அளந்தார்கள். ஆனால் அளக்க முடியாமல் விட்டதை இல்லாதது என்று நாம் எடுத்துக்கொண்டால் அது நம் பிழை.

காட்சி முடிந்த பிறகும் வசந்தம் முடியவில்லை. நோட்டுப் புத்தகம் என்ன சொல்லிற்று என்று கேளுங்கள். பிப்ரவரிக் குளிரில் 'பீஸ்' மலர் ஒன்று செடியில் எட்டு நாள் நின்றது. மார்ச்சு இறுதியில், வெயில் முப்பது டிகிரியைத் தாண்டியபோது, அதே செடியின் மலர் மூன்று நாளில் உதிர்ந்தது. மஞ்சள் வெளுத்துப் பாலேட்டு நிறமாயிற்று. 'பாப்பா மெய்லாண்ட்' மாசியில் மணத்தால் எல்லோரையும் வென்றது. ஆயினும் அப்போதே அதன் தளிரில் சாம்பல் நோய் கண்டது. பங்குனி வெயிலில் இதழோரம் தீய்ந்து கருகியது. 'மிருணாளினி' அதிகமாகவும் பூக்கவில்லை, நிற்கவும் இல்லை. சம்பளக்காரர் போல மாதந்தோறும் அளவாகத் தந்தது. 'ஐஸ்பர்க்' ஒரு நாளும் எவர் கண்ணையும் பறிக்கவில்லை. தனிப் பூவைக் கையில் எடுத்தால் அதில் ஒன்றும் இல்லை. மணமும் மிகக் குறைவு. ஆனால் சித்திரை முதல் நாள், மற்றவை ஓய்ந்த பின்னும், கொத்தாகப் பூத்து நின்றது அது ஒன்றே.

நாட்டு ரோஜாவின் பக்கத்தைத் திருப்பினால் ஜனவரி பூஜ்யம், பிப்ரவரி பூஜ்யம். காட்சி நாளன்று அதற்கு மதிப்பெண் இட்டிருந்தால் தோல்வி என்றே எழுதியிருப்பேன். மார்ச்சு நடுவில் திடீரெனப் பூக்கத் தொடங்கிற்று. அடுத்து ஒரு மாத காலம், வெயில் ஏறுமுன் நாள்தோறும் ஒரு கூடை. இந்த இனத்து ரோஜாவைத்தான் உத்தரப் பிரதேசத்துக் கன்னோசி வட்டாரத்தில் விடியுமுன் பறித்து அத்தர் வடிக்கிறார்கள். ஒரு கிலோ எண்ணெய்க்கு மூன்று டன்னுக்கு மேல் பூ வேண்டும். அம்மா சுவாமிக்கும் கூந்தலுக்கும் போக மிஞ்சிய இதழைச் சர்க்கரையோடு அடுக்கி வெயிலில் வைத்துக் குல்கந்து செய்தார்கள். தீபாவளி வரை அது வீட்டில் இருந்தது. கோப்பை வாங்கிய மலரோ கோப்பை வாங்கிய மறுவாரமே குப்பைக்குப் போய்விட்டது.

இனி 'சூப்பர் ஸ்டார்' கதை. மார்ச்சில் அதன் அடியிலிருந்து ஒரு கிளை கிளம்பி மார்பளவு வளர்ந்தது. புதுக் கிளை இத்தனை வீரியமாக வருகிறதே என்று மகிழ்ந்து, கடுகுப் பிண்ணாக்குக் கரைசலை அதற்கே ஊற்றினேன். மழைக்காலத்தில் மேற்செடி காய்ந்தது. கார்டு பெரியவர் குனிந்து மண்ணை விலக்கிப் பார்த்துத் தலையை ஆட்டினார். கடையில் வாங்கும் ரோஜா ஏறக்குறைய எல்லாமே ஒட்டுச் செடி என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். காட்டு வலிமையுள்ள வேர்ச்செடி ஒன்றில் நல்ல வகையின் மொட்டை வைத்துக் கட்டுகிறார்கள். கட்டிய இடத்துக்குக் கீழே கிளம்பும் கிளை வேர்ச்செடியின் கிளை. அதை உடனே மண்ணுக்குள்ளேயே பிடித்துப் பிய்த்துவிட வேண்டும். விட்டால் சத்தையெல்லாம் அதுவே உண்டு, மேலிருப்பதைக் கொன்றுவிடும். ஏழு சிற்றிலை இருந்தால் அது வேர்க்கிளை என்று சிலர் சொல்வர். அது எப்போதும் பொருந்தாது. கிளம்பும் இடமே உறுதியான அடையாளம். இதை அறியாமல் நான் பகைவனுக்குப் பால் வார்த்திருக்கிறேன்.

அக்டோபரில் கவாத்துக்கு முன், சென்ற ஆண்டுக் கணக்கைப் பார்க்க நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். நான் கூட்டல் போட்டவன்; எண்களை மட்டுமே பார்த்திருந்தேன். அன்றுதான் 'குறிப்பு' என்ற குறுகிய கட்டத்தில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தேன்.

பிப்ரவரி 9 இல், "சூப்பர் ஸ்டார்: ஒட்டுக்குக் கீழே புதுக் கிளை. இலை வேறு மாதிரி இருக்கிறது. அப்பா கோபமாக இருக்கிறார். பிறகு சொல்லலாம்" என்று இருந்தது.

மார்ச்சு 12 இல், "கிளை இடுப்பு உயரம். அப்பா அதற்குப் பிண்ணாக்கு ஊற்றினார். சொல்ல வாய் வரவில்லை" என்று இருந்தது.

அன்பர்களே! நாற்பது வயதைக் கடந்த நான் காணாததை ஒன்பதாம் வகுப்புப் பெண் கண்டிருக்கிறாள். கார்டு பெரியவர் அவளிடம் ஒட்டைப் பற்றி எப்போதோ சொல்லியிருந்தாராம். அவள் கண்டதை என்னிடம் சொல்ல முடியாமல் செய்தது யார்? பத்துப் பேர் நடுவில் நான் கேட்ட ஒரு கேள்வி. செடியைக் கொன்றது வேர்க்கிளை என்று கார்டு பெரியவர் சொன்னார். நான் அந்த நோட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் படியில் உட்கார்ந்திருந்தேன்.

மன்னித்துக்கொள் என்று பிள்ளைகளிடம் சொல்லும் பழக்கம் நம்மில் பல தந்தையர்க்கு இல்லை. எனக்கும் அன்று அந்தச் சொல் வரவில்லை. மாலையில் அவள் பள்ளியிலிருந்து வந்ததும் கவாத்துக் கத்தரியை அவள் கையில் கொடுத்து, "எந்த மொட்டுக்கு மேல் வெட்டுவது, நீயே சொல்லம்மா" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு செடியைப் பார்த்தாள். இரண்டு பாத்தி முடியும் வரை ஒன்றும் பேசவில்லை. மூன்றாவது பாத்தியில், "அப்பா, இதை இவ்வளவு குட்டையாக வெட்ட வேண்டாம். ஐஸ்பர்க்குக்கு லேசாக வெட்டினால் போதும்" என்றாள். அவள் தானாகப் பேசி ஒன்பது மாதம் ஆகியிருந்தது.

ஆகவே ரோஜாவை ஒப்பிட விரும்புவோர்க்கு என் அனுபவத்தில் கண்ட நான்கு முறைகளைச் சொல்லி முடிக்கிறேன். ஒன்று, ஒரே மண்ணில், ஒரே வயதுச் செடிகளை, ஒரே வேளையில் பாருங்கள். காலைப் பூவையும் மாலைப் பூவையும் ஒப்பிடுவது நேர்மையன்று. இரண்டு, காட்சி நாளை மட்டும் பார்க்காதீர்கள். மாசி முதல் சித்திரை வரை பாருங்கள். மூன்று, எதற்காக வளர்க்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மேசைக்கு வேண்டுமானால் 'பீஸ்', வேலிக்கு வேண்டுமானால் 'ஐஸ்பர்க்', சுவாமிக்கு வேண்டுமானால் நாட்டு ரோஜா. நான்கு, எண்களைக் கூட்டுமுன் குறிப்பைப் படியுங்கள்.

பிள்ளைகளைப் பற்றித் தனியாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. அறிவுரை கூறும் தகுதி எனக்கு இல்லை. மார்ச்சு மாதம் வருகிறது; நம் காலனியில் வீட்டுக்கு வீடு தேர்வு. முடிவு வந்ததும் வழக்கம்போல் ஒருவர் பிள்ளையின் மதிப்பெண்ணை மற்றவர் விசாரிப்போம். அப்போது நாட்டு ரோஜாவின் பக்கத்தில் பிப்ரவரியில் பூஜ்யம் இருந்ததை நினைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் வேண்டுகிறேன்.

'சூப்பர் ஸ்டார்' இருந்த பாத்தி இப்போது வெறுமையாக இல்லை. அந்த வேர்ச்செடியை நான் பிடுங்கவில்லை. அது தன் போக்கில் வெளிறிய இளஞ்சிவப்புப் பூக்களைப் பூக்கிறது. கார்டு பெரியவரின் வழிகாட்டலில், சென்ற பிப்ரவரியில் அதன் கிளை ஒன்றில் 'மிருணாளினி' மொட்டை வைத்து ஒட்டுக் கட்டியிருக்கிறோம். கட்டியது என் மகள். நூல் பிடித்தது நான். ஒட்டுப் பிடித்துவிட்டது. 'ஐஸ்பர்க்' போத்து வேண்டுவோர் ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் இல்லத்துக்கு வரலாம். அடுத்த கவாத்தில் வெட்டும் கிளைகளைத் தூக்கி எறியாமல் எடுத்து வைப்போம். அம்மா கையால் காப்பியும் கிடைக்கும்.